மூன்றாவது கோடு அழிக்கப்பட்ட மார்ட்டினி–ஹென்றி: வாங்கும் முன் படியுங்கள்

பழைய இராணுவ ரைஃபிள்களைச் சேகரிப்பவர்கள், அதிலும் 1879ஆம் ஆண்டின் ஆங்கிலேய–சூலு போரில் பயன்பட்டதாகச் சொல்லி விற்கப்படும் மார்ட்டினி–ஹென்றியை வாங்க எண்ணியிருப்பவர்கள், பணத்தைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். நான் போலித் துப்பாக்கியால் ஏமாறவில்லை. என் கைக்கு வந்தது அசல் மார்ட்டினி–ஹென்றிதான். அதன் மேல் ஏற்றி விற்கப்பட்ட வரலாறுதான் பொய்.

பிரிட்டிஷ் இராணுவம் 1871இல் ஏற்றுக்கொண்ட இந்த ரைஃபிளில் ஒரு நேரத்தில் ஒரு தோட்டாவைத்தான் போட முடியும். கைப்பிடிக்குக் கீழே உள்ள நெம்புகோலை இறக்கினால் பின்வாய் திறக்கும். 1879 ஜனவரி 22 அன்று, இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள இசாண்டில்வானாவில், 24ஆம் காலாட்படைப் பிரிவின் முதல் பட்டாலியனின் பெரும்பகுதி சூலு வீரர்களிடம் அழிந்தது. அன்று மாலை தொடங்கி மறுநாள் வரை ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற சிறு நிலையத்தை ஏறத்தாழ 150 பேர் காத்து நின்றார்கள், அவர்களில் 11 பேருக்குப் பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. இந்த இரண்டு சண்டைகளால், ‘24’ என்று முத்திரை குத்தப்பட்ட மார்ட்டினிக்குச் சேகரிப்பாளர்கள் எதையும் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். ஆனால் ரைஃபிள் அப்படியொன்றும் அரிதானதல்ல. நேபாளத்தின் பழைய ஆயுதக் கிடங்கில் இருந்தவை 2003க்குப் பிறகு ஆயிரக்கணக்கில் சந்தைக்கு வந்திருக்கின்றன. வெறும் ரைஃபிளுக்கும் கதையுள்ள ரைஃபிளுக்கும் இடையே உள்ள விலை வித்தியாசத்தில்தான் மோசடி குடியிருக்கிறது.

நான் வாங்கியது பல ஆண்டுகளாகப் பழம்பொருள் வணிகம் செய்யும் ஒருவரிடம். இரண்டாம் மார்க் (அதாவது இரண்டாம் வடிவ) மார்ட்டினி–ஹென்றி, பின்கட்டைத் தகட்டில் 24ஆம் படைப்பிரிவின் முத்திரை, சூலு போரில் இருந்த வீரர் ஒருவரின் குடும்பத்திலிருந்து பெறப்பட்டது என்று விவரம் கொடுத்திருந்தார். குடும்பத்தார் எழுதியதாக ஒரு கடிதமும் உடன் வந்தது. ஏமாறக் கூடாது என்ற எச்சரிக்கையோடுதான் பார்த்தேன். கைபர் கணவாய்ப் பகுதிக் கொல்லர்கள் கையால் செய்த நகல்களைப் பற்றி எனக்குத் தெரியும்: அவற்றில் என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் அரசு ஆயுதத் தொழிற்சாலைப் பெயரின் ஆங்கில எழுத்துகளுள் ஒன்று இடவலமாகத் திரும்பியிருக்கும், அல்லது விக்டோரியா அரசியின் மகுடமும் முதலெழுத்துகளும் இருக்க, கீழே அவர் மறைந்த 1901க்குப் பிந்தைய ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். அப்படி எதுவும் இதில் இல்லை. அந்த ஒரு சோதனையில் தேறியதைக் கண்டு மனம் நிம்மதியடைந்து, மற்ற சோதனைகளைச் செய்யாமல் விட்டதுதான் என் தவறு.

ரைஃபிளில் தயாரிப்பு ஆண்டு ஏன் தெரியவில்லை என்று வாங்கும்போதே கேட்டேன். நூறாண்டுகளுக்கு மேல் கைபட்டுத் தேய்ந்துவிட்டது என்றார். அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டேன்.

மூன்று வாரங்கள் கழித்து, பழைய எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்துவிட்டு, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். பின்வாய் இயக்கம் அடங்கிய உலோகக் கூடான ரிசீவரின் வலப்பக்கத்தில் மகுடச் சின்னம் கூர்மையாக இருந்தது. அதற்குக் கீழே, ஆண்டு இருக்க வேண்டிய இடத்திலும் மார்க் எண்ணைக் குறிக்கும் ரோமன் கோடுகள் இருக்கும் இடத்திலும் மட்டும் உலோகம் லேசாகக் குழிந்திருந்தது. விரல் நுனியை மெல்ல நகர்த்தினாலே அந்தப் பள்ளம் தட்டுப்பட்டது. எஃகு அளவுகோலின் விளிம்பை அதன் மேல் நிறுத்தியபோது அடியில் வெளிச்சம் கசிந்தது. கைபட்டுத் தேய்வது மகுடச் சின்னத்தை விட்டுவிட்டு ஆண்டை மட்டும் தேடிப்பிடித்துத் தேய்க்காது. அதைவிட முக்கியமாக, ‘இரண்டு’ என்று காட்டும் அந்த இரு கோடுகளும் மேலுள்ள எழுத்துகளுக்கு நேர் நடுவில் இல்லாமல் ஒருபுறமாக ஒதுங்கியிருந்தன. மூன்று கோடுகளாகக் குத்தியதில் ஒன்றை அரத்தால் எடுத்துவிட்டால் மீதி இரண்டும் அப்படித்தான் நிற்கும்.

முன்கட்டையைக் கழற்றியதும் ஐயம் தீர்ந்தது. முதல் இரண்டு மார்க்குகளில் இல்லாத ஓர் அமைப்பு மூன்றாம் மார்க்கில் உண்டு: முன்கட்டையின் பின்முனை ஒரு கொக்கியால் ரிசீவரோடு பிணைந்திருக்கும். என் ரைஃபிளில் அந்தக் கொக்கி இருந்தது. மூன்றாம் மார்க் ஏற்கப்பட்டது 1879ஆம் ஆண்டின் பிற்பகுதியில். இசாண்டில்வானா நடந்தது அவ்வாண்டு ஜனவரியில். அந்தப் போர்க்களத்தில் என் ரைஃபிள் இருந்திருக்க வழியே இல்லை. ஆண்டையும் ஒரு கோட்டையும் அரத்தால் எடுத்ததன் நோக்கம் அப்போதுதான் முழுமையாகப் புரிந்தது.

அடுத்துப் படைப்பிரிவு முத்திரை. எஃகில் அச்சை வைத்துச் சுத்தியலால் அடிக்கும்போது, உள்ளே இறங்கும் உலோகம் எழுத்தின் ஓரங்களில் மெல்லிய வரப்பாக எழும்பும். பின்கட்டைத் தகடு தோளிலும் தரையிலும் சட்டத்திலும் உராய்ந்துகொண்டே இருக்கும் பகுதி என்பதால், பழைய முத்திரைகளில் அந்த வரப்பு மழுங்கிப் போயிருக்கும். நான் ஒரு பஞ்சுத் துணுக்கை ‘24’ மீது இழுத்தேன். அதன் இழைகள் நான்கின் ஓரத்தில் சிக்கி நின்றன. உருப்பெருக்கியில் பார்த்தால், தகடெங்கும் பரவியிருந்த துருப்புள்ளிகள் எண்களின் அடியில் நசுங்கிக் கிடந்தன. துரு முதலில் வந்திருக்கிறது, முத்திரை பிறகு வந்திருக்கிறது.

கட்டையிலும் கைவைத்திருக்கிறார்கள். இராணுவத்தில் செய்யப்பட்ட கட்டை பொதுவாக உலோக விளிம்புக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ நிற்கும். என்னுடையதில் மரம் தகட்டுக்குக் கீழே இறங்கி, ஓரத்தில் நகம் இடறியது. மணல்தாளால் நன்றாகத் தேய்த்து, மரத்தில் இருந்த பழைய அடையாளங்களை எல்லாம் போக்கியிருக்கிறார்கள். நேபாளக் கிடங்கிலிருந்து வந்த பலவற்றில் தேவநாகரி எண்கள் இருக்கும் என்பதால், இப்படித் தேய்த்த கட்டையைக் கண்டாலே சேகரிப்பாளர்கள் உஷாராக வேண்டும்.

குடும்பக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். தாத்தாவைப் பற்றி உருக்கமாக நிறைய இருந்தது; ரைஃபிளைப் பற்றி, மார்க், ஆண்டு, முத்திரை என அதை அடையாளம் காட்டும் ஒரு சொல்கூட இல்லை. எந்தத் துப்பாக்கியோடும் சேர்த்து வைக்கக்கூடிய கடிதம் அது. மேலும், சாதாரணச் சிப்பாயின் ரைஃபிள் அரசாங்கச் சொத்து. பணி முடிந்ததும் கிடங்குக்குத் திரும்ப வேண்டியது. இசாண்டில்வானாவில் வீழ்ந்தவர்களின் ரைஃபிள்களோ சூலு வீரர்களின் கைக்குப் போயின. வீட்டுச் சுவரில் தலைமுறைகளாகத் தொங்கியது என்ற கதையை அங்கேயே நிறுத்திக் கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

படங்களோடு விற்பனையாளருக்கு எழுதினேன். தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் சொன்னதாகவும், திருப்பித் தரும் காலக்கெடுவான 14 நாட்கள் முடிந்துவிட்டதாகவும் பதில் வந்தது. இரசீதை எடுத்துப் பார்த்தால், ‘பழைய மார்ட்டினி ரைஃபிள், ஒன்று’ என்று மட்டும் எழுதியிருந்தது. பேச்சிலும் விளம்பரத்திலும் இருந்த படைப்பிரிவு, போர், மார்க் எதுவும் அதில் இடம்பெறவில்லை. இதைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: எதற்காக அதிக விலை கொடுக்கிறீர்களோ அதை இரசீதில் எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். நேர்மையான வணிகர் தயங்க மாட்டார். முன்கட்டையைக் கழற்றிய நிலையில் படமும் கேளுங்கள். ‘பழைய திருகைத் தொடக் கூடாது’ என்று மறுத்தால் விலகிவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. என் தகட்டில் உள்ள ‘4’ என்ற எண்ணின் காலடியில், அச்சின் முனை உடைந்ததால் ஏற்பட்ட சிறு வெட்டு தெரிகிறது. போன வாரம் அதே வணிகர் விற்பனைக்கு வைத்துள்ள மற்றொரு மார்ட்டினியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதிலும் ‘24’ இருக்கிறது. நான்கின் காலடியில், அதே இடத்தில், அதே வெட்டு. அண்மையில் ‘24’ முத்திரையுள்ள மார்ட்டினியை யாரேனும் வாங்கியிருந்தால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் முதலில் அந்த இடத்தை உருப்பெருக்கியில் பாருங்கள்.