1961 ஸ்ட்ராட்: மறுவெளியீடா, பழைய அசலா?

பழைய 1961 மாடலின் மறுவெளியீடாக ஃபெண்டர் நிறுவனம் 2022-ல் கொண்டுவந்த அமெரிக்கன் வின்டேஜ் டூ 1961 ஸ்ட்ராடோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) எலக்ட்ரிக் கிதாரை ஆறு மாதமாக தினமும் வாசிக்கிறேன். ஆல்டர் மர உடல், நைட்ரோ லாக்கர் மெருகுப் பூச்சு, 7.25 அங்குல ஆர வளைவுள்ள ஃபிரெட்போர்டு (விரல் வைத்து வாசிக்கும் பலகை) எல்லாம் பழையபடியே. அந்த வளைவில் கார்டு பிடிக்க விரல் தானாக உட்காரும். ஆனால் மேல் ஃபிரெட்களில் (பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) கம்பியை ஒரு முழு ஸ்வரம் வளைத்தால் ஒலி மடிந்துபோகும். கம்பியைக் கொஞ்சம் உயர்த்தி வைத்த பிறகுதான் சரியானது. கழுத்துப் பக்கம் கம்பியின் அதிர்வை உள்வாங்கும் நெக் பிக்கப்பின் மணி போன்ற தெளிவு, அடடா!

அசல் 1961 ஒன்றையும் ஒரு மதியம் முழுக்க வாசித்திருக்கிறேன். அறுபது வருடக் கைகள் தேய்த்த கழுத்தின் மென்மையை எந்தத் தொழிற்சாலையாலும் தர முடியாது. அதற்காக வீட்டை அடகு வைக்க முடியுமா?

கொஞ்சம் மலிவான அசல் என்று நம்பித்தான் முன்பு ஒருவரிடம் எழுபதுகளின் கிதார் வாங்கினேன். பிக்கார்டை (முன்பக்க பிளாஸ்டிக் தகட்டை) கழற்றினால் உள்ளே வயர் இணைப்புகளில் புது சால்டர் பற்றவைப்பு. பாட்களின் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளுக்குக் கீழுள்ள பாகங்கள்) முதுகில் இருக்கும் எண்ணில் முதல் மூன்று இலக்கம் தயாரிப்பாளரையும், அடுத்தவை ஆண்டையும் வாரத்தையும் காட்டும். என்னுடையதில் 1988! ஃபிரெட்களும் மாற்றியவை. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

அப்புறம், அறுபதுகளின் தொடக்கத்து அசல்களின் ஃபிரெட்போர்டில் பிரேசில் ரோஸ்வுட் மரம் இருக்கும். 1992 முதல் அந்த மரத்துக்கு சர்வதேச வர்த்தகத் தடை என்பதால், அனுமதிச் சான்று இல்லாமல் எல்லை தாண்டி விற்க முடியாது.

மேடையில் வாசிக்க மறுவெளியீட்டையே வாங்குங்கள். அசல்தான் வேண்டுமென்றால், பிக்கார்டைத் திறந்து காட்டாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.