மலையகத்துக்கு ஒன்லைன் கடை: ஸ்டாரை விடுங்கள், கூரியரைப் பாருங்கள்

ஹட்டன் டவுனில் 2,350 ரூபா சொல்லும் கேத்தல் ஒன்று போனில் 1,890 ரூபா என்று வைத்துக்கொள்வோம். டெலிவரி 450. கூட்டினால் 2,340. மிச்சம் பத்து ரூபா. அந்தப் பத்து ரூபாவுக்காக ஐந்தாறு நாள் காத்திருக்க வேண்டும். பழுதாக வந்தால் திருப்பி அனுப்ப அரைநாள் வேலையை விட்டு டவுனுக்கு இறங்க வேண்டும். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் டெலிவரிக் காசு மட்டுமே நாட்சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு.

அதற்காக ஒன்லைன் கடையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. டவுனில் கிடைக்காத உதிரிப்பாகம், பிள்ளைகளின் பாடப் பயிற்சிப் புத்தகம், கொழும்பில் மட்டும் விற்கும் மருத்துவ உபகரணம் போன்றவற்றுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் மலையகத்தில் இந்தச் சேவைக்கு மதிப்பெண் போடும்போது கடைக்கு மட்டும் போட்டால் கணக்குப் பிழையாகிவிடும். சாமான் கொழும்பிலிருந்து ஹட்டன் வரை ஒழுங்காகத்தான் வருகிறது. ஹட்டனிலிருந்து தோட்டத்து லயன் எனும் வரிசை வீடுகள் வரையான கடைசி எட்டுப் பத்து கிலோமீற்றரில்தான் வெற்றியும் தோல்வியும்.

முதலில் புள்ளிவிவரம். “ஒன்லைன் வியாபாரம் பறக்கிறது” என்ற செய்தியைப் பார்த்ததும் கடைகளெல்லாம் மூடப்படப் போகின்றன என்று தோன்றும். ஐ.நா.வின் வர்த்தக அமைப்பான அங்டாட் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, கொரோனா முடக்கம் உச்சத்தில் இருந்த 2020இல் கூட, அது ஆராய்ந்த ஏழு நாடுகளின் மொத்தச் சில்லறை விற்பனையில் ஒன்லைனின் பங்கு 16 வீதத்திலிருந்து 19 வீதமாகத்தான் ஏறியது. முன்னணியில் இருந்த தென்கொரியாவில் 25.9 வீதம். அமெரிக்காவில் 2024இல் ஏறக்குறைய 16 வீதம். அமேசான் பிறந்த நாட்டிலேயே நூறு டொலரில் எண்பத்து நாலு இன்னும் ஒன்லைனுக்கு வெளியேதான் செலவாகிறது.

இலங்கைக் கணக்கைப் படிக்கும்போது இன்னொரு பொறி உண்டு. ரூபாயில் சொல்லும் வளர்ச்சியை அப்படியே நம்பக்கூடாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். ஒரு கடை முந்திய ஆண்டு ஆயிரம் ரூபா சாமானில் 1,000 விற்றது, அடுத்த ஆண்டு அதே சாமானை 1,700 ரூபாவுக்கு 700 மட்டும் விற்றது என்று எடுங்கள். வருமானம் 10 இலட்சத்திலிருந்து 11 இலட்சத்து 90 ஆயிரம் ஆகிவிடும். “19 வீத வளர்ச்சி” என்று போஸ்டர் அடிக்கலாம். உண்மையில் பார்சல் முப்பது வீதம் குறைந்திருக்கிறது. இதற்கு மேல், தளங்கள் சொல்லும் “மொத்த விற்பனை மதிப்பு” என்ற தொகையில் இரத்தான ஓடரும் திரும்பிப்போன பார்சலும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். எத்தனை பார்சல் போய்ச் சேர்ந்தது, அதில் எத்தனை திரும்பியது என்ற இரண்டு இலக்கங்கள் இல்லாத வளர்ச்சிக் கணக்கு விளம்பரம்தான்.

ஸ்டார் கணக்கும் அப்படியே. 14 பேர் மட்டும் போட்டு 4.9 வாங்கிய சாமானுக்கு ஒரே ஒருவர் ஒரு ஸ்டார் போட்டால் 4.64க்கு விழும். 2,300 பேர் போட்டு 4.4 நிற்கும் சாமானை ஒருவர் அசைக்க முடியாது. எனவே இரண்டாவதே நம்பகமானது. சராசரியை விட்டுவிட்டு, புதியவை முதலில் வருமாறு வரிசைப்படுத்தி, ஒரு ஸ்டார், இரண்டு ஸ்டார் கருத்துகளை மட்டும் பத்து வாசியுங்கள். “லேட்” என்று பத்துப் பேர் எழுதியிருந்தால் அது கூரியரின் குறை. “படத்தில் இருந்தது வேறு” என்று மூன்று பேர் எழுதியிருந்தாலே அந்த விற்பனையாளரை விட்டுவிடலாம். வெட்டிக் காட்டும் பழைய விலையைப் பொருட்படுத்தவே வேண்டாம்.

இனிக் கடைசி எட்டுக் கிலோமீற்றர். நகரத்து முகவரிக்கு வீதிப் பெயரும் இலக்கமும் போதும். தோட்டத்தில் காலங்காலமாகக் கடிதமே தோட்ட நிர்வாகத்தின் பெரிய ஆபீசுக்கு வந்துதான் பிரியும். கூரியர் ரைடர் பெரிய ஆபீசுக்குப் போகமாட்டார், போனாலும் ஒப்படைக்க முடியாது. ஆப்பில் முகவரி போடும்போது இந்த ஒழுங்கில் எழுதுங்கள்: பெயர், லயன் அல்லது வீட்டு இலக்கம், டிவிஷன், தோட்டத்தின் பதிவுப் பெயர், பக்கத்திலேயே சனம் கூப்பிடும் தமிழ்ப் பெயர், பிறகு தபால் நகரம். இரண்டு பெயரும் வேண்டும். லேபலில் உள்ள ஆங்கிலப் பெயரை வழியில் நிற்பவரிடம் கேட்டால் தெரியாது என்பார். தமிழ்ப் பெயரைச் சொன்னால் கையை நீட்டிக் காட்டுவார். “மேற்பிரிவு”, “கீழ்ப்பிரிவு” என்று மட்டும் எழுதினால் பயனில்லை, பத்துத் தோட்டத்தில் அந்தப் பெயர் இருக்கும். கோவில், பாக்டரி, பாடசாலை என்று ஓர் அடையாளம் சேருங்கள். தபால் குறியீட்டையும் போடுங்கள்: ஹட்டன் 22000, தலவாக்கலை 22100, நுவரெலியா 22200, பதுளை 90000, பண்டாரவளை 90100.

நகரப் பட்டியலில் எந்த ஊரைத் தெரிவு செய்வது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வீட்டுக்குக் கிட்டிய சந்தியைத் தெரிவு செய்தால், அது வேறொரு கிளையின் எல்லைக்குள் இருக்கலாம். பார்சல் அங்கே போய், அங்கிருந்து மாற்றி அனுப்ப இரண்டு மூன்று நாள் வீணாகும். ஏற்கெனவே பார்சல் வாங்கிய அயலவரிடம் லேபலைக் கேட்டுப் பார்த்து, அதில் எந்தக் கிளையின் பெயர் அடித்திருக்கிறதோ அந்த ஊரையே தெரிவு செய்யுங்கள்.

பிறகு அந்த ஒற்றை போன் அழைப்பு. காலை பத்துக்கும் மூன்றுக்கும் இடையில் தெரியாத இலக்கத்திலிருந்து வரும். “அக்கா, பார்சல் ஒண்ணு இருக்கு, மெயின் ரோட்டுக்கு வர ஏலுமா?” என்று கேட்பார். சில வேளை சிங்களத்தில் கேட்பார். அந்த நேரம் நீங்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பீர்கள். சிக்னல் இருக்காது, அல்லது மழைக்குப் பயந்து போனை வீட்டில் வைத்திருப்பீர்கள். அழைப்பு எடுபடாவிட்டால் “டெலிவரி முயற்சி தோல்வி” என்று பதிவாகும். இரண்டு மூன்று முறை அப்படி விழுந்தால் பார்சல் கொழும்புக்கே திரும்பும். இரண்டாவது தொடர்பு இலக்கமாகத் தோட்டத்துக் கடைக்காரருடையதையோ, சந்தியில் த்ரீவீல் ஓட்டும் தெரிந்தவருடையதையோ அவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். காசையும் அவரிடமே கொடுத்து வைத்தால் வேலை முடிந்தது. ரைடரைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் பார்சல் கணக்கில் கூலி வாங்கும் அவர், ஒரு பார்சலுக்காகக் குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் ஏறி இறங்கினால் பெற்றோலுக்கே காணாது.

காசு கைக்கு வரும் நாளும் இதில் சேர்கிறது. தோட்டச் சம்பளம் மாதம் 10ஆம் திகதியை ஒட்டி வரும். சீனாவில் அலிபாபா 2009இல் தொடக்கிய 11.11 எனும் நவம்பர் 11 விற்பனை, 2018இல் அந்த நிறுவனம் டராஸ் என்ற ஒன்லைன் கடையை வாங்கிய பிறகு இங்கும் வேரூன்றிவிட்டது. சம்பளத்துக்கு மறுநாள் பெரிய விலைக் கழிவு! கையில் காசு இருக்கும்போது ஓடர் போடுவோம். ஆனால் டெலிவரியில் காசு கொடுக்கும் முறையில் பார்சல் வந்து நிற்பது 17ஆம், 18ஆம் திகதியில். அதற்குள் கடைக் கணக்கும் சீட்டும் காசைத் தின்றிருக்கும். பார்சல் மறுக்கப்படும். மறுத்தால் வாங்குபவருக்கு உடனே நட்டமில்லை. விற்பனையாளருக்குப் போகும் கூலியும் வரும் கூலியும் சேர்ந்து நட்டம். அதனால் சில விற்பனையாளர்கள் தூர இடங்களுக்கு முற்பணம் இல்லாமல் அனுப்ப மறுக்கிறார்கள், உங்கள் இலக்கத்தையும் குறித்து வைக்கிறார்கள். ஓடர் போட்ட அன்றே பார்சல் காசைத் தனியாக எடுத்து வையுங்கள். அதற்கு முடியாவிட்டால் 5ஆம் திகதி ஓடர் போடுங்கள். சம்பளமும் பார்சலும் ஒரே வாரத்தில் வரும்.

டெலிவரிக் கட்டணம் முதல் கிலோவுக்கு ஒரு தொகை, அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் இன்னொரு தொகை என்று ஓடும். சில கூரியர்கள் பருமனையும் நிறையாக மாற்றுவார்கள்: நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பார்கள். 60, 40, 20 அளவுள்ள தலையணைப் பெட்டி ஒரு கிலோதான் இருக்கும், ஆனால் கணக்கில் 9.6 கிலோ. மெத்தை, தலையணை, பிளாஸ்டிக் அலுமாரி போன்றவற்றை டவுனிலேயே வாங்குங்கள்.

குளிர்ப் பிரதேசம் என்பதால் இங்கே அதிகம் தேடப்படுவது கேத்தல், ஹீட்டர், வெந்நீர் ஷவர். இவற்றில் விலையை விட வாட்ஸ் முக்கியம். பழைய லயன் அறைகளில் இன்னும் 5 அம்பியர் வட்டத்துளை பிளக் பொயின்ற் இருக்கிறது. மின்சாரம் 230 வோல்ற். அந்தப் பொயின்ற் தாங்குவது 230 தர 5, அதாவது 1,150 வாட்ஸ். 1,500 வாட்ஸ் கேத்தல் 6.5 அம்பியர் இழுக்கும், 2,000 வாட்ஸ் கேத்தல் 8.7. முதல் நாள் வேலை செய்யும். இரண்டு மாதத்தில் பிளக் பழுப்பு நிறமாகி, பிளாஸ்டிக் கருகும் மணம் வரும். இலங்கையின் தரநிலை 13 அம்பியர் சதுர முனை பிளக். சீனாவிலிருந்து தட்டை முனையோடு வரும் சாமானுக்கு விற்பனையாளர் இனாமாகப் போடும் சின்ன அடப்ரர் போன் சார்ஜருக்குச் சரி, சூடாக்கும் சாமானுக்கு ஆபத்து. உடனடி வெந்நீர் ஷவர் 3,500 வாட்ஸ் என்றால் 15 அம்பியருக்கு மேல், 5,500 என்றால் ஏறக்குறைய 24. அதைத் தனி வயரும் தனி பிரேக்கரும் ஏர்த்தும் இல்லாத வீட்டில் பொருத்தவே கூடாது. பட்டியலில் வாட்ஸ் எழுதாத சூடாக்கும் சாமானைத் திறந்தும் பார்க்க வேண்டாம்.

சப்பாத்தும் ஜேக்கட்டும் வாங்குவதென்றால் இலக்கத்தை நம்பாமல் சென்ரிமீற்றர் அளவைப் பாருங்கள். பாதத்தைத் தாளில் வைத்துக் கோடிட்டு அளந்து, அதோடு ஒரு சென்ரிமீற்றர் கூட்டினால் தடித்த காலுறைக்கும் இடம் இருக்கும். இன்னொன்று: நுவரெலியாவுக்கு வரும் சிப்ஸ் பக்கற் பலூன் மாதிரி ஊதியிருந்தால் கெட்டுப்போனது என்று திருப்பி அனுப்பாதீர்கள். 1,868 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அவ்வளவுதான்.

போன் வாங்கும்போது ஒரு படி கூடுதல். விற்பனையாளரிடம் ஐஎம்இஐ எனும் போனின் தனி அடையாள இலக்கத்தை முன்கூட்டியே கேளுங்கள். IMEI என்பதை ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு, 15 இலக்கத்தையும் 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். இலக்கம் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். பார்சல் வந்ததும் *#06# அழுத்தி அதே இலக்கம்தானா என்று ஒப்பிடுங்கள்.

பேஸ்புக், டிக்டொக் பக்கங்களில் விற்பவர்களுக்கு எங்கள் மதிப்பெண் மிகக் குறைவு. சாமான் மோசம் என்பதற்காக அல்ல. முகவரியும் ரிட்டர்ன் வழியும் இல்லாததுதான் குறை. காசு கொடுக்கும் முன் பெட்டியைத் திறக்க ரைடர் விடமாட்டார், அவருக்கு அந்த அதிகாரமும் இல்லை. அதனால் திறக்கும் முழுவதையும் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள்: முதலில் லேபல், பிறகு பெட்டியின் ஆறு பக்கம், டேப்பை வெட்டுவது, சாமானின் மொடல் இலக்கம், கடைசியில் பிளக் போட்டுப் பார்ப்பது. இடையில் நிறுத்தித் தொடங்கிய வீடியோவை எந்தக் கடையும் ஏற்காது. ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. ஆனால் விற்றவரின் பெயரும் பில்லும் கையில் இல்லாவிட்டால் அவர்களாலும் அதிகம் செய்ய முடியாது. “உங்கள் பார்சல் தடுத்து வைக்கப்பட்டுள்ளது, சிறு தொகை கட்டுங்கள்” என்று தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் லிங்க் எஸ்எம்எஸ் மோசடி. கார்ட் இலக்கத்தைப் போட்டுவிடாதீர்கள்.

ரிட்டர்ன் பற்றிச் சொல்லாவிட்டால் மதிப்பீடு முடியாது. 7 நாள், 14 நாள் என்று கடைகள் சொல்லும் கெடு, பார்சல் “ஒப்படைக்கப்பட்டது” என்று பதிவான நாளிலிருந்து ஓடும். சந்திக் கடையில் ரைடர் வைத்துவிட்டுப் போன பார்சலை நீங்கள் ஞாயிற்றுக்கிழமை எடுத்தால், அதற்குள் நான்கு நாள் போயிருக்கும். திருப்பிக் கொடுக்கும் இடம் எந்த டவுனில் என்பதை ஓடர் போடும் முன் பாருங்கள். பஸ் காசும் நேரமும் சாமான் விலையில் கால்வாசியைத் தாண்டினால், ரிட்டர்ன் வசதி உங்களுக்கு இல்லை என்றே எண்ணி வாங்குங்கள்.

மழையும் பார்க்க வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை. பதுளைப் பக்கம் நவம்பர் முதல் ஜனவரி வரை மழை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலையக வீதிகளைத் துண்டித்தது, கொழும்புக் கடைகளின் பிளாக் ஃப்ரைடே எனும் கழிவு விற்பனை விளம்பரங்கள் ஓடிய அதே வாரத்தில். அவசரச் சாமானை அந்த மாதங்களில் டவுன் கடையிலேயே வாங்குவது நல்லது. இப்போது டவுன் கடைகள் பல வட்ஸ்அப்பில் படம் போட்டு விலை சொல்கின்றன. காலையில் சொன்னால் தோட்டத்துப் பக்கம் போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறார்கள், மாலைக்குள் சந்தியில் இறங்கிவிடும்.