உகாண்டாவில் ஆறு வாரப் பயிற்சி என்று 1,85,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். டாக்டர் தம்பி தங்கைகளே, படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

நேற்று ராத்திரி, என்னிடம் பணம் வாங்கிய நிறுவனத்தின் ஆள் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார். அம்மாவின் நம்பரையும். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் வெட்கம் வந்துவிடும், அப்புறம் எழுத மாட்டேன்.

எம்.பி.பி.எஸ்., அதன்பின் ஒரு வருஷ ஆஸ்பத்திரிப் பயிற்சியான சி.ஆர்.ஆர்.ஐ. இரண்டும் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.க்குப் படிப்பதற்கு முன்னால் இரண்டு மாதம் வெளியே எங்காவது போய் வேலை பார்க்க வேண்டும் என்பது எனக்கு இரண்டாம் வருஷத்திலிருந்தே ஆசை. மேத்யூ லுக்வியா என்ற டாக்டரைப் பற்றிப் படித்ததுதான் காரணம். வடக்கு உகாண்டாவில் குலு பக்கம் லாச்சோர் ஆஸ்பத்திரியின் கண்காணிப்பாளராக இருந்தவர். 2000-இல் அங்கே எபோலா வந்து 425 பேருக்குத் தொற்றி 224 பேர் செத்தார்கள். அது என்ன நோய் என்று முதலில் சந்தேகப்பட்டு மேலிடத்துக்குச் சொன்னவர் அவர். வார்டை விட்டு வெளியே போகாமல் பார்த்துக்கொண்டே இருந்து, டிசம்பரில் அதே நோயில் இறந்துபோனார். அந்த ஊர் மண்ணில் ஒரு வார்டில் நின்று பார்க்க வேண்டும் என்று எனக்குள் இருந்தது. உலக மலேரியா நோயாளிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். நானோ கடுமையான மலேரியாவைத் தரும் பால்சிபாரம் கிருமியை மைக்ரோ லேப் ஸ்லைடில் மட்டும் பார்த்து பாஸ் செய்தவள்.

எங்கள் பேட்ச் வாட்ஸப் குரூப்பில் ஒரு விளம்பரம் வந்தது. டாக்டர்களுக்கும் மருத்துவ மாணவர்களுக்கும் வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் பயிற்சியும் தன்னார்வ வேலையும் ஏற்பாடு செய்து தரும் இணையதளம் அது. பெயர் எழுதவில்லை, தெரிந்த வக்கீல் ஒருவர் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார். கிழக்கு உகாண்டாவில் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரி, குழந்தைகள் வார்டு, ஆறு வாரம், தங்குமிடம் சாப்பாடு உட்பட, முடிவில் சான்றிதழ். விமான டிக்கெட் மட்டும் நம் செலவு. பதிவுக் கட்டணம் 15,000 ரூபாய். கட்டினேன்.

மறுநாள் ஜூமில் நேர்காணல் என்றார்கள். சீனியர் டாக்டர் என்று ஒருவர் வந்தார். நரைத்த தாடி, கழுத்தில் ஸ்டெத். ஊர், காலேஜ் எல்லாம் கேட்டுவிட்டு நேராக ஒரு கேஸ் சொன்னார். நாலு வயசுக் குழந்தை, 14 கிலோ, வலிப்பு வந்து நினைவில்லை, மலேரியா பாசிட்டிவ். என்ன பண்ணுவே? நான் முதலில் ஏர்வே, அப்புறம் சுகர் பார்ப்பேன் என்றேன். மலேரியா மருந்தான ஆர்டிசுனேட்டின் டோஸ் கேட்டார். 20 கிலோவுக்குக் கீழே இருப்பதால் கிலோவுக்கு 2.4 இல்லை, 3 மில்லிகிராம், 42 மில்லிகிராம் ஐ.வி., 0, 12, 24 மணியில் என்றேன். அவர் சிரித்தார். "எல்லாரும் 2.4-னு சொல்லிட்டுப் போறாங்கம்மா. நீ கரெக்டா சொன்ன ஆளு. அங்கே இந்த மாதிரி டாக்டர்தான் வேணும்."

அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். ஆறு வருஷப் படிப்பில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. ரவுண்ட்ஸில் திட்டு வாங்கிய ஞாபகம்தான் அதிகம். அன்று சாயங்காலமே 70,000 ரூபாய் யு.பி.ஐ.யில் அனுப்பினேன். ஹவுஸ் சர்ஜன் ஸ்டைபண்டில் ஒரு வருஷம் மிச்சம் பிடித்தது அதோடு தீர்ந்தது.

மீதி ஒரு லட்சம் என்னிடம் இல்லை. அம்மாவிடம் ஏலச்சீட்டுப் பணம் இருந்தது, தம்பி காலேஜுக்கு என்று எடுத்து வைத்தது. தனியாகப் பொம்பளைப் பிள்ளையை ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவதா என்று அம்மா பயந்தார். ஒருங்கிணைப்பாளர் என்று சொல்லிக்கொண்ட ஆளிடம் இதைச் சொன்னேன். "அம்மாகிட்ட போனைக் குடும்மா, நான் பேசுறேன்" என்றார். இருபது நிமிஷம் பேசினார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "அம்மா, உங்க பொண்ணு எனக்குத் தங்கச்சி மாதிரி. ஏர்போர்ட்ல நம்ம ஆளு வந்து நிப்பாரு. கம்பாலாவுல நம்ம குஜராத்திக்காரங்க கடை நிறைய இருக்கு, அரிசி பருப்பு எல்லாம் கிடைக்கும். நீங்க தைரியமா இருங்க." அம்மா போனை வைத்துவிட்டு, நல்ல பையனா இருக்கான் என்றார். மறுநாள் காலையில் வங்கிக்குப் போய் 1,00,000 ரூபாய் போட்டார்.

15,000, 70,000, 1,00,000. மொத்தம் 1,85,000 ரூபாய். பத்தொன்பது நாளில்.

அழைப்புக் கடிதம் வந்தது. லெட்டர்பேட், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும் போட்டுக்கொண்டேன். உகாண்டாவுக்குள் நுழைய அந்த அட்டை கட்டாயம், பத்து நாள் கழித்துத்தான் செல்லும் என்பதால் அவசரமாக சென்னைக்கு பஸ் ஏறினேன். ஊசி போட்ட அக்கா எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று கேட்டார், பெருமையாகச் சொன்னேன். டிக்கெட்டை மட்டும் விலை குறையட்டும் என்று தள்ளிப்போட்டேன். அதையும் எடுத்திருந்தால் இன்னும் அரை லட்சத்துக்கு மேல் போயிருக்கும்.

விஷயம் வெளியே வந்தது இப்படி. குழந்தைகள் வார்டுக்கு ஏதாவது கொண்டுபோகலாம் என்று தோன்றியது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் குழந்தைகளுக்கானது இரண்டு வாங்கி வரட்டுமா என்று அந்த ஆஸ்பத்திரிக்கே நேராக எழுதினேன். கடிதத்தில் இருந்த மெயில் ஐ.டி.க்கு இல்லை, அவர்களுடைய சொந்த இணையதளத்தில் இருந்த முகவரிக்கு. இரண்டு நாளில் பதில் வந்தது. மிக மரியாதையான பதில். உங்களைப் பற்றி எங்களுக்குத் தகவல் இல்லை, இந்தியாவில் எந்த நிறுவனத்தோடும் எங்களுக்கு ஒப்பந்தம் கிடையாது, கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் எங்கள் ஊழியர் இல்லை. பயிற்சிக்கு வருபவர்கள் எங்களுக்கு நேராக விண்ணப்பிப்பார்கள், கட்டணத்தை வந்து இறங்கியபின் எங்கள் கேஷ் கவுன்டரில் கட்டுவார்கள். வெளிநாட்டு டாக்டர் நோயாளியைத் தொட வேண்டும் என்றால் உகாண்டா மருத்துவ, பல் மருத்துவ கவுன்சிலின் தற்காலிகப் பதிவு வேண்டும். கடைசியில் ஆக்சிமீட்டருக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

அதைப் படித்தபோதுதான் ஒன்று உறைத்தது. பத்தொன்பது நாளில் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் பதிவுச் சான்றிதழை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கவில்லை. விசாவுக்கு மட்டும், 50 டாலர் சுற்றுலா விசா போதும், காரணம் சுற்றுலா என்று போடுங்கள் என்று சொன்னார்கள். டெலிவரி நீங்களே பார்க்கலாம், லம்பார் பங்சர் (முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுப்பது) நீங்களே பண்ணலாம், யாரும் குறுக்கே வர மாட்டார்கள் என்று சொன்னபோது நான் சந்தோஷப்பட்டேன். இதை எழுதும்போது கை நடுங்குகிறது. பதிவு இல்லாத, மேலே ஆள் இல்லாத ஒருத்தி ஊசியோடு எதிரே நிற்க, படுத்திருக்கும் அந்தக் குழந்தை யாருடைய குழந்தை? நம் ஊர் ஜி.எச்.சில் ஒரு வெளிநாட்டு மாணவன் வந்து இப்படிச் செய்தால் நாம் விடுவோமா? பணம் போனதைவிட, நான் அதற்குச் சரி என்று தலையாட்டினேன் என்பதுதான் எனக்குத் தூக்கம் வராத காரணம்.

அப்புறம் நடந்தது எல்லாம் தட்டிக்கழிப்பு. முதல் நாள் அந்த ஒருங்கிணைப்பாளர், ஆஸ்பத்திரி எச்.ஆர். புதுசும்மா, அவங்களுக்குத் தெரியாது, எங்க ஒப்பந்தம் அமைச்சகத்தோட என்றார். சரி, ஒப்பந்த நகல் அனுப்புங்கள் என்றேன். ரகசிய ஆவணம் என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஃபைனான்ஸ் டீமுக்கு அனுப்பிட்டேன், ஏழு முதல் பத்து வேலை நாள். பத்து நாள் காத்திருந்தேன், தப்பு. பதினோராவது நாள் மெயில் வந்தது. விதிமுறைப்படி பணம் திரும்பாது, வேண்டுமானால் நேபாள பேட்சுக்கு மாற்றித் தருகிறோம், இல்லையென்றால் வீட்டிலிருந்தே ஆறு வார ஆன்லைன் ஃபெலோஷிப் தருகிறோம். 1,85,000 ரூபாய்க்கு ரெக்கார்டிங் வீடியோ! நேர்காணல் எடுத்த சீனியர் டாக்டரோடு பேச வேண்டும் என்றேன், அவர் இப்போது ஃபீல்டில் இருக்கிறார் என்றார்கள். அவர் டாக்டர்தானா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம்.

நேற்று அம்மாவே போன் போட்டார். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. "தம்பி, என் பொண்ணு உங்களுக்குத் தங்கச்சி மாதிரின்னு சொன்னீங்களே" என்று ஆரம்பித்தார். அந்தப் பக்கம், "ஆன்ட்டி, இதுக்கெல்லாம் எனக்கு நேரம் இல்லை, லீகல் டீம்கிட்ட பேசிக்குங்க" என்று கட். மறுபடி போட்டால் போகவில்லை. அன்று இருபது நிமிஷம் "அம்மா, அம்மா" என்று பேசிய அதே குரல். அம்மா ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார். சீட்டுப் பணத்தைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

ரசீதை ராத்திரி எடுத்துப் பார்த்தேன். சென்னை முகவரி போட்டிருக்கிறது, ஜி.எஸ்.டி. எண் 07 என்று தொடங்குகிறது. தமிழ்நாடு என்றால் 33 இருக்க வேண்டும், 07 டெல்லி. ஜி.எஸ்.டி. தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் வேறு ஏதோ டிராவல்ஸ் பெயர் வருகிறது, பதிவு ரத்தானது என்று காட்டுகிறது. இரண்டு நிமிஷ வேலை. பணம் கட்டும் முன் நான் செய்யவில்லை.

இன்று காலை சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போன் செய்து புகார் பதிந்தேன். பணம் போன சில மணி நேரத்தில் கூப்பிட்டிருந்தால் அந்தக் கணக்கில் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருந்திருக்கும், இப்போது கஷ்டம் என்றார் எடுத்தவர். அந்த ஏழு முதல் பத்து வேலை நாளை எதற்குச் சொன்னார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. மாவட்ட சைபர் க்ரைம் ஸ்டேஷனிலும் மனு கொடுத்துவிட்டு வந்தேன். டாக்டரா இருந்துட்டு இப்படியாம்மா என்று கேட்டார்கள். பதில் சொல்லவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விளக்கமாக எழுத நினைத்தேன். முடியவில்லை, தலை வலிக்கிறது. அவசரமாகச் சிலது மட்டும்.

எந்த ஆஸ்பத்திரி பெயர் சொன்னாலும் அந்த ஆஸ்பத்திரிக்கு நீங்களே மெயில் போடுங்கள், பதில் வரும்வரை ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் இன்டர்ன்ஷிப்புக்கோ வேலைக்கோ எந்தக் கட்டத்திலும் பணம் கேட்காது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் கேட்காது, போகிற டாக்டருக்கு அவர்கள்தான் சம்பளம் தருவார்கள், ஆனால் குறைந்தது இரண்டு வருஷ அனுபவம் கேட்பார்கள். இந்த அமைப்புகளின் பெயரைச் சொல்லிப் பதிவுக் கட்டணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். டிராபிக்கல் மெடிசின் (வெப்பமண்டல நோய் மருத்துவம்) டிப்ளமோதான் வேண்டும் என்றால் லிவர்பூல், லண்டன், பாங்காக் மகிடோல் எல்லாம் இருக்கின்றன. லண்டன்காரர்கள் கம்பாலாவின் மக்கரேரே பல்கலைக்கழகத்தோடும் தான்சானியாவின் மோஷி ஊர்க் கல்லூரியோடும் சேர்ந்து கிழக்கு ஆப்பிரிக்காவிலேயே நடத்துவதும் உண்டு. கட்டணம் அதிகம்தான், ஆனால் கல்லூரிக்கே நேராகக் கட்டலாம், நடுவில் ஆள் வேண்டாம். மாணவர்கள் சர்வதேச மருத்துவ மாணவர் கூட்டமைப்பின் எக்ஸ்சேஞ்சை அதன் இந்தியக் கிளை வழியாகக் கேளுங்கள். இப்போது சி.ஆர்.ஆர்.ஐ.யில் இருப்பவர்களுக்கு ஒன்று: வருஷம் முழுக்க உங்களுக்கு 15 நாள்தான் லீவு, அதற்கு மேல் போனால் பயிற்சிக்காலம் நீளும். நடுவில் ஒரு மாதம் போய்வரலாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னால் பொய்.

அந்த விளம்பரம் இன்னும் ஓடுகிறது. அடுத்த பேட்ச் என்று புதுத் தேதி போட்டிருக்கிறார்கள். நீங்களோ உங்கள் பேட்சில் யாராவதோ ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், ரசீதில் 07 என்று தொடங்கும் எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முதலில் 1930-க்குப் போன் செய்யுங்கள், அப்புறம் எனக்கு எழுதுங்கள். என் மனுவோடு உங்கள் மனுவையும் சேர்த்துக் கொடுக்கலாம். திங்கட்கிழமை மறுபடியும் ஸ்டேஷனுக்குப் போகிறேன்.