பறிமுதல் ஆன வண்டியை மீட்ட கதை: இலவச சட்ட உதவி எப்படி இருந்தது?

போலீஸ் பிடித்த வண்டி வழக்கு முடிந்தால்தான் கைக்கு வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் 19 நாள் நம்பினேன். அந்த 19 நாளும் வண்டி ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நின்றது, ஃபைனான்ஸ்காரர் தவணைக்குப் போன் பண்ணிக்கொண்டே இருந்தார்.

எங்களுடையது ஒரு குட்டியானை, அதாவது சின்ன லோடு வண்டி. ஆர்.சி. என் பேரில், ஓட்டுவது என் வீட்டுக்காரர். வெங்காய லோடு என்று பேசி வாடகைக்குக் கூப்பிட்டவர் ஏற்றிய மூட்டைகளில், அடியில் கிடந்த நாலு மூட்டை குட்கா. வழியில் மறித்துச் சோதனை போட்டபோது வீட்டுக்காரரையும் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்து ரிமாண்ட் பண்ணிவிட்டார்கள், வண்டி பறிமுதல், அவர் போனும் பறிமுதல். 12ஆம் நாள் ஜாமீனில் வெளியே வந்தார். மூட்டையைப் பிரித்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும் என்றால் எந்த லோடு வண்டிக்காரரும் பிழைக்க முடியாது. அது விசாரணையில் தெரியட்டும். ஆனால் அதுவரைக்கும் நாங்கள் எதை வைத்துச் சாப்பிடுவது? வண்டியைக் கேட்டுப் போனால் ஸ்டேஷனில் ஒரே பதில்தான், "கேஸ் முடியட்டும்மா."

மாவட்ட கோர்ட் வளாகத்தில் இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொன்னது பக்கத்து வீட்டு அக்கா. வக்கீல் ஃபீஸ் கொடுக்க வழியில்லாதவர்களுக்கு அங்கே அரசு செலவில் வக்கீல் வைத்துத் தருகிறார்கள், 1987ஆம் வருடச் சட்டத்திலேயே அது இருக்கிறது. முதல் நாள் கவுண்டரில் இருந்தவர் வருமானச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார். நான் திரும்பிப் போக இருந்தேன், பெஞ்சில் உட்கார்ந்திருந்த தன்னார்வலர் ஒருவர்தான் எழுந்து வந்து, பெண்கள் என்றால் வருமானம் பார்க்க வேண்டாம் சார் என்று சட்டப் புத்தகத்தை விரித்தே காட்டினார். பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், காவலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் இது உண்டு. அதாவது வீட்டுக்காரர் உள்ளே இருந்த 12 நாளும் அவருக்கும் இலவச வக்கீல் கிடைத்திருக்கும், எங்களுக்குத்தான் தெரியவில்லை, ஜாமீனுக்கு நகையை அடகு வைத்தோம். நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள், 15100 என்ற எண்ணுக்கு அடித்தால் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வார்கள்.

எனக்குக் கிடைத்த வக்கீல் சின்ன வயது. உட்காரவைத்து முதலில் கேட்டதே, "அக்கா, மகஜர் நகல் வெச்சிருக்கீங்களா?" இல்லை. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், நகல் கேட்கவில்லை. வண்டியை எடுக்கும்போது அதில் என்னென்ன இருந்தது என்று எழுதுகிற காகிதம் அது, அதில் ஏறாத பொருளுக்குப் பிறகு யாரும் பொறுப்பில்லை. அப்புறம் அவர் இன்னொன்றும் சொன்னார். 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கிற புதுச் சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 105ஆவது பிரிவுப்படி சோதனை, பறிமுதல் இரண்டையும் வீடியோ எடுத்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டுமாம். எங்கள் விஷயத்தில் எடுத்தார்களா என்று கேட்டு மனுவிலேயே ஒரு வரி சேர்த்தார்.

அதே புதுச் சட்டத்தின் 497, 503 பிரிவுகளில் வண்டி கேட்டு மனு. 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: பிடித்த வண்டிகளை ஸ்டேஷனில் மாதக்கணக்கில் போட்டுவைப்பதில் பிரயோஜனமில்லை, போட்டோ எடுத்து, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு சீக்கிரம் கொடுத்துவிட வேண்டும். புதுச் சட்டத்தில் நாள் கணக்கே இருக்கிறது, பொருளைக் கோர்ட்டில் காட்டியதிலிருந்து 14 நாளுக்குள் விவரப் பட்டியலும் போட்டோவும், அதிலிருந்து 30 நாளுக்குள் அதை என்ன செய்வது என்ற உத்தரவும். இருபத்து மூன்று வருடத்துக்கு மேல் ஆன தீர்ப்பு, இன்னமும் ஸ்டேஷனில் "கேஸ் முடியட்டும்" என்கிறார்கள் என்றால் எனக்கு ஆத்திரமாகத்தான் வருகிறது. அந்த ஸ்டேஷன் மதிலோரம் ஒரு பைக்கைப் பார்த்தேன், சக்கரத்துக் கம்பிகளுக்குள் கொடி ஏறி சீட்டு வரைக்கும் வந்திருந்தது, பெட்ரோல் டேங்கில் கை வைத்தால் துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்தப் பைக்காரர் விடுதலையே ஆனாலும் எதை வாங்கிக்கொண்டு போவார்?

அரசு வக்கீல் ஆட்சேபணை தெரிவித்தார், வண்டியைக் கொடுத்தால் மறுபடி இதே வேலைக்குப் பயன்படுத்துவார்கள் என்று. எங்கள் வக்கீல் ரொம்ப நேரம் பேசவில்லை. மனுதாரர் குற்றம் சாட்டப்பட்டவரே இல்லை, ஆர்.சி. அவர் பேரில், தவணை ஓடுகிறது, வீட்டுக்காரர் மேல் முன் வழக்கு எதுவும் கிடையாது, அவ்வளவுதான். ரெண்டு வாய்தாவுக்குப் பிறகு 41ஆம் நாள் உத்தரவு வந்தது. ஒரு லட்சத்துக்குப் பத்திரம், ரெண்டு ஜாமீன்தாரர், விற்கவோ பெயர் மாற்றவோ கலர் மாற்றவோ கூடாது, கூப்பிடும்போது கொண்டுவந்து காட்ட வேண்டும், ஒரிஜினல் ஆர்.சி. கோர்ட்டில் இருக்கும். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: எங்களுக்கு ரெண்டு மாதத்தில் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) வருகிறது, ஆர்.சி. இல்லாமல் எப்படிப் போவது என்று நான் கேட்ட பிறகுதான் வக்கீல் சான்றிட்ட நகலுக்குத் தனியாக மனு போட்டார்.

குறை என்றால், வக்கீலைப் பிடிப்பது கஷ்டம். கையில் ஏகப்பட்ட கேஸ் கட்டு, காலை பத்து மணிக்கு மேல் போன் எடுக்க மாட்டார், நேரில் போய் நின்றால்தான் பேச முடியும். ஒரு வாய்தாவுக்கு அவருக்குப் பதில் வேறு ஒருவர் வந்து, வழக்கைப் படிக்காமலே தேதி வாங்கிக்கொண்டு போனார், எனக்கு ஒரு வாரம் நஷ்டம். ஃபீஸ் ஒரு பைசா கேட்கவில்லை, ஜெராக்ஸ், போட்டோ, ஜாமீன்தாரர்களைக் கூட்டிக்கொண்டு போன பஸ் செலவு மட்டும் என் கையிலிருந்து. பத்துக்கு எட்டு கொடுப்பேன், கவுண்டரில் திருப்பி அனுப்பப் பார்த்ததற்கு ஒன்று, அந்த வாய்தாவுக்கு ஒன்று குறைத்து.

எல்லா வழக்குக்கும் இதே வழி இல்லை. சாராயக் கேஸ் என்றால் மதுவிலக்குச் சட்டத்தில் வண்டியை அரசுடைமை ஆக்கவே தனி அதிகாரம் இருக்கிறது. அதற்கும் முதலில் நோட்டீஸ் கொடுத்து உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும், அந்த நோட்டீஸ் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வக்கீலிடம் கொண்டுபோங்கள். கஞ்சா கேஸில் வண்டியே கேட்க முடியாது என்று பலர் சொல்கிறார்கள், 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அப்படி முழுத் தடை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டது.

வண்டி எடுக்கப் போகும்போது ஒரு மெக்கானிக்கையும் பேட்டரியையும் கூடவே கொண்டுபோங்கள். 44 நாள் நின்ற வண்டி சாவி போட்டதும் கிளம்பாது. பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ் எல்லாம் பாருங்கள், இல்லாததை அந்தக் காகிதத்திலேயே எழுதுங்கள். எங்களுக்கு ஸ்டெப்னி இருந்தது, போன வருடம் 4,800 ரூபாய்க்கு வாங்கிய தார்ப்பாய் இல்லை. மகஜரில் அது ஏறவில்லை, அதனால் கேட்கவும் முடியவில்லை. வீட்டுக்காரர் போனுக்கு மனு போட்டிருக்கிறோம், வர்ற 18ஆம் தேதி வாய்தா.