87ஏ ரிபேட்: பழைய ரெஜிமா, புது ரெஜிமா?

"12 லட்சம் வரைக்கும் வரியே இல்ல"ன்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க, ஆனா அது விலக்கு இல்லங்க, வருமான வரிச் சட்டத்தோட 87ஏ பிரிவு குடுக்கற ரிபேட், அதாவது தள்ளுபடி. வரியப் போட்டுட்டு அப்புறம் கழிச்சு விடுறாங்க. 2025-26 கணக்குல புது ரெஜிம்ல (கழிவு எதுவும் பெருசா காட்ட முடியாத புது வரி முறை) 12 லட்சம் வருமானத்துக்கு ஸ்லாப் (வருமான அடுக்கு) படி 60,000 வரி வருது, அந்த 60,000த்தையும் 87ஏ கழிச்சுடுது. சேமிப்பு, இன்சூரன்ஸ் எல்லாம் கழிச்சுக் காட்டற பழைய ரெஜிம்ல லிமிட் 5 லட்சம், ரிபேட் 12,500 தான்.

யாருக்குன்னா, இந்தியாவுல ரெசிடென்ட்டா இருக்கற தனிநபருக்கு மட்டும். துபாய்ல இருக்கற மச்சான் ஊர் வீட்டு வாடகைக்கு கிடைக்குமான்னு கேட்டாரு, என்ஆர்ஐக்கு கிடையாது. எச்யூஎஃப்க்கும் (இந்துக் கூட்டுக் குடும்பம்) கிடையாது.

நான் இந்த வருஷம் புதுசுக்கு மாறிட்டேன். சம்பளம் 9.2 லட்சம். பழசுல ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 50,000 (சம்பளக்காரங்களுக்கு ரசீது இல்லாமயே கழிக்கறது), 80சி (எல்ஐசி, பிஎஃப் மாதிரி சேமிப்பு) 1.5 லட்சம், மெடிக்கல் இன்சூரன்ஸ் 25,000 எல்லாம் கழிச்சும் 6.95 லட்சத்துல நிக்குது, ரிபேட் இல்ல, செஸ்ஸோட (வரிக்கு மேல போடற கூடுதல் வரி) 53,560. புதுசுல ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000 மட்டும் கழிச்சா 8.45 லட்சம், சம்பளத்துக்கு வரி சைபர். எல்ஐசி ரசீதத் தேடி பீரோவ கொடையற வேலையும் மிச்சம். ஹோம் லோன் வட்டி 2 லட்சமும் சேர்த்துக் காட்டறவங்களுக்கு பழசுல 9.25 லட்சம் சம்பளம் வரைக்கும் சைபர் ஆகும், ஆனா புதுசுல ஒண்ணுமே காட்டாம 12.75 லட்சம் வரைக்கும் சைபர்.

ஆனா எனக்கு முடிவு பண்ணிக் குடுத்தது வேற விஷயம், லிமிட்ட கொஞ்சம் தாண்டிட்டா என்ன ஆகும்ங்கறது. பழசுல எல்லாம் கழிச்சு 5 லட்சத்துல நிறுத்தி வச்சிருக்கீங்க, மார்ச்ல எஃப்டி வட்டி ஒரு 1,000 ரூபா கூட வந்துருச்சுன்னா ரிபேட் மொத்தமா காலி, 13,208 ரூபா கட்டணும். ஆயிரம் ரூபாய்க்கு பதிமூணாயிரம்! புதுசுல அதே மாதிரி 12 லட்சத்துக்கு மேல 1,000 போனா மார்ஜினல் ரிலீஃப் இருக்கு, அதாவது தாண்டுன தொகைய விட வரி அதிகமாகாது, தாண்டுன ஆயிரமும் செஸ் 40ம் சேர்த்து 1,040 தான். 12.7 லட்சம் பக்கத்துல போறப்போ அந்த ரிலீஃப் கரைஞ்சு போயிடும், அதுக்கப்புறம் முழு ஸ்லாப் வரிதான். வருஷக் கடைசில என்ன வட்டி வரும், எவ்ளோ போனஸ் வரும்னு நமக்கே சரியா தெரியாதப்போ பழைய லிமிட்ட நம்பி உக்காந்திருக்கறது கத்தி மேல நடக்கற மாதிரி.

புதுசுலயும் ஒரு ஓட்டை இருக்கு. ஷேர் வித்து ஷார்ட் டேர்ம்ல (வாங்கி ஒரு வருஷத்துக்குள்ள) எனக்கு 40,000 லாபம் வந்துச்சு, மொத்தம் 12 லட்சத்துக்குள்ளதான், இருந்தும் அந்த லாபத்துக்கு ரிபேட் கிடையாது, 20% வரியும் செஸ்ஸும் சேர்த்து 8,320 கட்டுனேன். பழசுல மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள்ள இருந்தா இந்த ஷார்ட் டேர்ம் வரிக்கும் ரிபேட் உண்டு, ஷேர்ல வர்ற லாங் டேர்ம் லாபத்துக்கு ரெண்டுலயும் இல்ல. சம்பளம் கம்மியா, ட்ரேடிங் ஜாஸ்தியா பண்றவங்க ரெண்டு பக்கமும் போட்டுப் பாத்துடுங்க. எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) பெருசா வர்ற சென்னை, மும்பை ஆளுங்களும் அப்படித்தான், எனக்கு சொந்த வீடு, அதுல அனுபவம் இல்ல.

சம்பளக்காரங்க வருஷா வருஷம் மாத்திக்கலாம், ஆனா பழசு வேணும்னா கடைசித் தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டாகணும், லேட்டானா புதுசுதான்.