மைத்ரியின் எரிப்புக் கழிப்பறை: ஒரு மக் தண்ணீர் செய்யும் வேலை

அண்டார்டிகாவில் உள்ள இந்திய ஆய்வு நிலையமான மைத்ரிக்குக் குளிர்காலக் குழுவோடு கிளம்பும் நண்பர் ஒருவர் கேட்டார்: "மைத்ரியில் கரண்ட்டில் எரிக்கிற கழிப்பறையாமே, நம்பலாமா?" நம்பலாம். ஆனால் அதன் புகைக்குழாயைப் பற்றிக் கோபப்படாமல் எழுத முடியவில்லை.

இயங்கும் விதம் பலருக்கும் தெரிந்ததுதான். எஃகுக் கிண்ணத்தில் லைனர் பேப்பரை விரிக்க வேண்டும். வேலை முடிந்ததும் பெடலை மிதித்தால் கிண்ணம் இரண்டாகப் பிளந்து, பேப்பரோடு எல்லாம் கீழே உள்ள எரிப்பறைக்குள் விழும். பொத்தானை அழுத்தினால் அங்கே உள்ள காயில், அதாவது மின்சாரக் கம்பிச்சுருள், சூடேறும். இந்த வகைக் கருவியில் காயில் சுமார் 3.6 கிலோவாட், ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு மணி நேரம். காயில் அணைந்த பிறகும் எரிப்பறை ஆறும்வரை ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன், அந்த இடத்துக்கு இது பொருத்தமான கருவி. 1989 முதல் மைத்ரி நிற்பது ஷிர்மாக்கர் ஓயாசிஸ் என்ற, பனி மூடாத பாறைப் பகுதியில். குடிக்கவும் சமைக்கவும் பக்கத்தில் இருக்கும் பிரியதர்ஷினி ஏரித் தண்ணீர்தான். கழிவைப் பனியில்லா நிலத்திலோ நன்னீரிலோ விடக் கூடாது என்று அண்டார்டிகச் சுற்றுச்சூழலைக் காக்கும் 1991 மாட்ரிட் நெறிமுறையின் மூன்றாம் இணைப்பு சொல்கிறது. அப்படி ஒரு விதியே இல்லாவிட்டாலும், தான் குடிக்கும் ஏரியின் கரையில் யார் அதைச் செய்வார்கள்? இந்தக் கருவிக்குத் தண்ணீர்க் குழாய் கிடையாது, உறைந்து வெடிக்க எதுவும் இல்லை. கடைசியில் மிஞ்சுவது சில கரண்டி சாம்பல். சரியாக எரிந்திருந்தால் வெளிர்ச் சாம்பல் நிறத்தில், விரலால் தொட்டால் பொடியும்படி, வாசனையே இல்லாமல் இருக்கும். முதல் முறை தட்டை இழுத்துப் பார்ப்பவர்கள் வியந்துபோவார்கள். மூடிய டிரம்மில் போட்டுக் கப்பலில் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

இப்போது குழாய்க்கு வருகிறேன். உள்ளே போகும் ஒவ்வொரு சொட்டு ஈரமும் நீராவியாகி அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வெளியே மைனஸ் 30. கூரையைத் தாண்டியதும் ஆவி குழாயின் உள்சுவரில் உறைகிறது. வளையம் வளையமாகப் பனி தடித்து, நான்கு அங்குலக் குழாய் இரண்டு அங்குலமாகிவிடும். ஃபேன் திணறும், காற்று திரும்பும், வாடை அறைக்குள் வரும். உடனே எல்லோரும் கருவி கெட்டுவிட்டது என்பார்கள். கருவியில் ஒரு கோளாறும் இருக்காது.

நம் ஊர்ப் பழக்கம் இதை இரட்டிப்பாக்குகிறது. ஒரு மக் தண்ணீர், அதாவது சுமார் ஒரு லிட்டர், ஆவியாக மட்டும் 0.7 யூனிட் மின்சாரம் வேண்டும். ஜெனரேட்டர் கணக்கில் அது கால் லிட்டர் எரிபொருள். பனித்தட்டின் விளிம்பில் கப்பலிலிருந்து இறக்கி, பிஸ்டென்புல்லி என்ற பனி வண்டிகளில் சுமார் 100 கிலோமீட்டர் பனிமேல் இழுத்து வந்த எரிபொருள் அது. கழுவாமல் இருக்க மனம் ஒப்பாது என்பது புரிகிறது. அதற்கு ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அருகிலேயே தனி வாளி வைத்துக் கழுவலாம். அந்தத் தண்ணீர் கிண்ணத்துக்குள் மட்டும் போகக் கூடாது. சிறுநீரையும் முடிந்தவரை தனியாகச் சேர்க்க வேண்டும். ஈரம் போதாதென்று அதில் உப்பும் இருக்கிறது. அந்த உப்பு காயிலின் உறைமேல் வெள்ளைப் பொருக்காகப் படியும், அந்த இடத்தில் சூடு தேங்கிக் காயில் அறுந்துபோகும்.

குழாய்க்குச் செய்ய வேண்டியது: கூரைக்கு வெளியே நீட்டம் மிகக் குறைவாக, வளைவே இல்லாமல், நேராக. கூரையைக் கடக்கும் இடம் உட்பட முழுக்க 50 மில்லிமீட்டர் ராக்வூல் (சூட்டைத் தக்கவைக்கும் கல் இழைப் பஞ்சு) சுற்ற வேண்டும். மிகத் தாழ்ந்த இடத்தில், கட்டடத்தின் உட்புறத்திலேயே T வடிவில் ஒரு டீ இணைப்பு போட்டு அடியில் புட்டி வைத்தால் உருகி வழிவது அதில் விழும். தினமும் புட்டியைக் கொட்டிவிட வேண்டும். பனி அடைத்துவிட்டால் பிரேக்கரை இறக்கி, எரிப்பறை ஆறிய பிறகு, டீ இணைப்பின் மூடியைக் கழற்றி உள்ளிருந்து சுரண்ட வேண்டும். வெளியிலிருந்து சுத்தியலால் தட்டவே கூடாது. குழாய் நசுங்கும், நசுங்கிய இடத்தில்தான் அடுத்த பனி பிடிக்கும்.

பலரும் கவனிக்காத ஒன்று கதவு. ஃபேன் அறைக்குள் இருக்கும் காற்றைத்தான் இழுக்கிறது. குளிர் வருகிறது என்று கதவின் அடியில் துணி திணித்தால் இழுக்கக் காற்று கிடைக்காது. இரண்டு விரல்கடை இடைவெளி கட்டாயம் வேண்டும். எரிப்பு முடிந்ததும் ஃபேன் உடனே நின்றுவிட்டால், சூட்டைப் பார்த்து அதை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். மிச்ச ஆவி குழாயிலேயே தங்கி உறைய அதுவே காரணம்.

லைனர் பேப்பர் கணக்கும் முக்கியம். 25 பேர், நாளுக்கு இரண்டு முறை என்றால் ஆண்டுக்கு 18,250 தாள். கப்பல் வருவது கோடையில் மட்டும். இடையில் தீர்ந்தால் செய்தித்தாள் நனைந்து கிழிந்து கிண்ணத்தில் ஒட்டும். பிளாஸ்டிக் பையை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

இவ்வளவு பாராட்டிய பிறகும், புதிதாக வரவிருக்கும் மைத்ரி-2 நிலையத்தைக் கட்டும்போது இதையே வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். பனிப்புயல் நடுவே அடைத்த குழாயின் கீழ் டார்ச்சோடு நிற்கும் ஒருவரை நினைத்தால் வேறு பதில் வரவில்லை. இந்தப் பருவத்தில் போகிறவர்கள் உபரியாக இரண்டு ஃபேன் மோட்டார், ஒரு காயில், ஒரு தெர்மோஸ்டாட், மூடிக்கான கேஸ்கெட் ஆகியவற்றைத் தனிப் பெட்டியில் கட்டி எடுத்துப் போங்கள். காயிலைப் பொருத்துமுன் மெக்கரில் (மின்காப்பை அளக்கும் மீட்டர்) பாருங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் உள்ளே ஈரம் ஏறியிருக்கிறது, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள் வைத்துக் காயவிட்டு மறுபடி பாருங்கள்.