மறைந்த சிசுவைத் தேட: ஜிஆர்ஓவா, ஃப்ரீபிஎம்டியா?

இங்கிலாந்து, வேல்ஸின் பிறப்பு, இறப்புப் பதிவுகளைத் தேட இரண்டு இணையதளங்கள்: ஜிஆர்ஓ (பொதுப் பதிவாளர் அலுவலகம்), ஃப்ரீபிஎம்டி (தன்னார்வலர்கள் தொகுத்தது). இரண்டும் இலவசம். அரசின் ஜிஆர்ஓ தளத்தில் மட்டும் கணக்குத் தொடங்க வேண்டும்.

தாயின் பிறந்தகப் பெயர் (மணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர்):
ஜிஆர்ஓ: 1837 முதல். அங்கே வெறும் கோடு இருந்தால் தாய் பெரும்பாலும் மணமாகாதவர். அவருடைய குடும்பப் பெயரிலேயே குழந்தையைத் தேடுங்கள்.
ஃப்ரீபிஎம்டி: 1911 செப்டம்பர் காலாண்டு முதல்தான்.

இறந்த வயது:
ஃப்ரீபிஎம்டி: 1866 முதல்.
ஜிஆர்ஓ: தொடக்கத்திலிருந்தே. ஒரு வயது நிரம்பாவிட்டால் 0. ஆனால் மூன்று மாதக் குழந்தை ‘3’ என்று, மூன்று வயதாக ஏறியிருப்பதும் உண்டு. 0-இல் இல்லையென்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

பெயரின் எழுத்து நிச்சயமில்லையா? நட்சத்திரக் குறி போட்டுத் தேட ஃப்ரீபிஎம்டி. குடும்பத்தில் விடுபட்ட பிள்ளைகளைக் கண்டெடுக்க ஜிஆர்ஓதான்.

இறந்தே பிறந்த குழந்தைகள் இரண்டிலும் இல்லை. அவர்களுக்கு 1927 ஜூலை 1 முதல் தனிப் பதிவேடு. பெற்றோர் நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும்.